எந்தத் தேக்கா?

பிள்ளைகளே, போன வாரம் காரில் நீங்கள் இருவரும் போட்ட சண்டையை நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தம்பியின் கைபேசி மார்சிலிங்குக்கு ஒரு தூரம் சொன்னது. அக்காவின் காரில் ஒட்டியிருந்த கருவி வேறொரு தூரம் சொன்னது. "அப்பா, எதுப்பா கரெக்ட்டு? இத்தன வருஷம் லோரி ஓட்டினவரு, நீங்களே சொல்லுங்க" என்று என்னை நடுவில் இழுத்துவிட்டீர்கள். "ரெண்டும் எங்கேருந்து அளக்க ஆரம்பிக்குதுன்னு மொதல்ல பாருங்க" என்றேன். "அதானே அப்பா! தேக்கால சந்திப்போம்னு சொன்னாலே எந்தத் தேக்கான்னு கேக்குற ஆளு" என்று அக்கா சொல்ல, இருவரும் சிரித்தீர்கள். சிரித்ததில் தப்பில்லை. அந்தக் கேள்வி எனக்கு எப்படி ஒட்டிக்கொண்டது என்று நான் உங்களிடம் சொன்னதே இல்லை. உங்கள் அம்மாவுக்குப் பாதி தெரியும்.

நான் உயர்நிலை இரண்டோடு படிப்பை நிறுத்தியவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் லோரி ஓட்ட ஆரம்பித்தேன். மளிகைச் சாமான் மொத்த வியாபாரம். முதலாளியின் குடும்பம் சோழமண்டலக் கரையிலிருந்து வந்து இரண்டு தலைமுறையாக இங்கே கடை வைத்திருந்தது. கிடங்கு சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அங்கே லோரியை நிறுத்தி வைக்க இடமில்லை. அதனால் மாலையிலேயே அரிசி, பருப்பு, காய்ந்த மிளகாய், எண்ணெய் டின் எல்லாவற்றையும் ஏற்றிப் பூட்டி, தேக்கா மார்க்கெட்டை ஒட்டிய இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவேன். காலையில் வந்து ஒரு கோப்பை தே குடிப்பேன். பிறகு தூரம் காட்டும் மீட்டரின் குமிழைத் திருகிப் பூஜ்யமாக்கிவிட்டுக் கிளம்புவேன். மீட்டரைப் பூஜ்யமாக்கச் சொல்லி யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. சிலர் வண்டி எடுக்கும்போது சாமி கும்பிடுவார்கள், எனக்கு அது ஒரு பழக்கம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மார்க்கெட்டைச் சாலைக்கு எதிர்ப்பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். பழையதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். புதுக் கட்டடத்துக்கு ஜூஜியாவ் என்று பெயர் வைத்தார்கள். தேக்கா என்ற அதே பெயரைத்தான் மாண்டரின் உச்சரிப்பில் அப்படி எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். அது எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. மீன்காரருக்கும் காய்காரருக்கும் தேக்கா தேக்காதான். மார்க்கெட் போனாலும் காலி இடம் அப்படியே கிடந்ததால் நான் லோரியை அங்கேயேதான் விட்டேன்.

என்னுடைய பாதை வடமேற்கு. புக்கிட் தீமா சாலையைப் பிடித்து, புக்கிட் பாஞ்சாங் வழியாக மார்சிலிங் வரைக்கும் ஏழு கடைகள். புதுப்புது அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே நம்மவர்கள் வைத்திருந்த சின்ன மளிகைக் கடைகள். ஏழாவது கடைக்கு வரும்போது தோளில் மூட்டை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது, மரத்துப்போயிருக்கும். வீட்டுக்கு வந்தால் உங்கள் அம்மா தட்டு வைக்கும் முன்பே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிவிடுவேன். அந்த வருஷங்களைப் பற்றி இன்று நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அந்த அசதிதான்.

அப்படி இருக்கும்போது முதலாளியின் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பினார். நாங்கள் அவரைச் சின்ன முதலாளி என்போம். நல்ல மனிதர், அவசரக்காரர். வந்ததும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். எந்தக் கடைக்கு எந்த ரோட்டில் போனால் தூரம் குறைவு என்று அது கண்டுபிடித்துத் தாளில் அடித்துக் கொடுக்குமாம். அதற்காகக் கிடங்கு மாடியில் ஒரு அறைக்கு ஏர்கான் போட்டார்கள்.

கிழக்குப் பக்கம் ஓட்டிய டிரைவர் ஒருவர் எனக்கு மூத்தவர், வாய் சும்மா இருக்காது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மாடியைப் பார்த்துச் சொன்னார்: "அந்தப் பொட்டிக்கு வேர்க்கக் கூடாதாம் லா. நமக்கு வேர்த்தா பரவால்லையாம்."

பெட்டிக்குள் ரோடுகள் தானாக வந்துவிடவில்லை. ஒவ்வொரு ரோட்டுக்கும் நீளம் அளந்து யாராவது தட்டித்தான் உள்ளே போட வேண்டும். அந்த வேலைக்கு ஒரு பெண்ணைச் சேர்த்தார்கள். மார்சிலிங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். கழுத்தில் சின்னச் சிலுவை. வயது இருபது இருக்கலாம். ஆறு மாதம் பார்ப்போம், தாளில் வரும் தூரம் சரியாக இருந்தால் வேலை நிரந்தரம் என்று சொல்லித்தான் சேர்த்திருந்தார்கள். அதை அந்தப் பெண்ணே என்னிடம் சொன்னாள். "எங்க வீட்டுல ஏர்கான் ரூம்ல ஒக்காந்து வேலை பாக்குற மொத ஆளு நான்தாண்ணே. எங்கம்மா ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. கன்ஃபர்ம் ஆகலன்னா வெளிய தல காட்ட முடியாது" என்றாள்.

அவள் அளந்த விதம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சாலை வரைபடப் புத்தகத்தை விரித்து, ஒரு சிவப்பு நூலை எடுத்து, ரோடு வளையும் இடமெல்லாம் நூலையும் வளைத்து வைத்துக்கொண்டே போவாள். முடிந்ததும் நூலை நீட்டி அடிக்கோலில் வைத்துக் கணக்கிடுவாள். நூலில் ஏதோ பளபளப்பு.

"என்னம்மா தடவியிருக்க?"

"மெழுகுவத்திண்ணே. சும்மா நூலுன்னா இழுத்தா நீளுது. மெழுகு தேச்சா நீளாது."

"சர்ச்சுல ஏத்துற மெழுகுவத்தியா?"

"போங்கண்ணே. வீட்டுல கரண்ட் போனா ஏத்துறது."

நான் அவளுக்கு உதவியும் செய்தேன். எந்த முனையில் வலது பக்கம் திரும்பக் கூடாது, எங்கே புதுப் பாலம் வந்திருக்கிறது என்று புத்தகத்தில் இல்லாததை எல்லாம் சொன்னேன். ஒருநாள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டாள்: "அண்ணே, ஒங்க லோரி காலையில எங்கேருந்து கெளம்பும்?"

"தேக்காவுலேருந்து" என்றேன்.

அவள் புத்தகத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. தேக்கா எங்கே என்று யாராவது பார்ப்பார்களா?

நாலைந்து மாதத்தில் தாள் வந்துவிட்டது. ஓரத்தில் துளை போட்ட நீளத் தாள். மேலே கிளம்பும் இடம் என்று ஆங்கிலத்தில் ஜூஜியாவ் என்று போட்டிருந்தது. அரசாங்கப் பெயரை அடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கீழே ஏழு கடைகளும், கிளம்பும் இடத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிலோமீட்டர் என்றும் இருந்தன.

ஒரு வாரம் கழித்துச் சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டார். "மார்சிலிங் கடைக்கு இருபத்து நாலு புள்ளி ஆறுன்னு இதுல இருக்கு. ஒங்க டிரிப் புக்குல இருபத்தஞ்சு புள்ளி நாலு எழுதியிருக்கீங்க. புக்கிட் பாஞ்சாங்குக்குப் பதினஞ்சு ஒண்ணு, நீங்க பதினஞ்சு ஒம்போது. வழியில எங்கயாவது போறீங்களா?"

மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் எனக்கு முகம் சுட்டது. பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட லோரியைச் சொந்த வேலைக்குத் திருப்பியவனில்லை. "இல்ல முதலாளி" என்றேன்.

"சரி, ரெண்டு வாரம் நீங்களே ரெண்டையும் ஒப்பிட்டு எழுதிக் குடுங்க. டிரைவருங்கள்ல எழுதப் படிக்கத் தெரிஞ்சவரு நீங்கதான். ஒங்க மீட்டர் சரியா, அந்தப் பொண்ணு அளந்தது சரியான்னு பாத்துருவோம்."

அன்று சாயங்காலம் கிழக்குப் பக்கத்து டிரைவர் என் தோளில் தட்டினார். "தம்பி, நம்ம எல்லார் மானமும் ஒன் பென்சில்லதான் இருக்கு. விடாத. பொட்டி என்னிக்காவது பான் ஐலண்ட் எக்ஸ்பிரஸ்வேல லோரி ஓட்டியிருக்கா?"

"ஓட்டினா அதுக்கும் முதுகு வலிக்கும்" என்றேன்.

"அதுக்கு முதுகே இல்ல லா. அதான் பிரச்சன."

இரண்டு வாரம் ஒழுங்காக எழுதினேன். ஒவ்வொரு கடை வாசலிலும் வண்டியை நிறுத்தியதும், மூட்டையை இறக்கும் முன் மீட்டரைப் பார்த்து எழுதிவிடுவேன். வேர்வை சொட்டித் தாள் நனைந்து சில எண்கள் அழிந்துபோகும். மறுநாள் திரும்ப எழுதுவேன். ஒருநாள் மழை, ஒருநாள் விபத்தில் ரோட்டை மறித்திருந்தார்கள். அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. என்னால் முடிந்த அளவு நேர்மையாகத்தான் செய்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன். அதனால்தான் இது இத்தனை காலம் மனசை அரிக்கிறது. ஏனோதானோ என்று செய்திருந்தால் மறந்திருப்பேன்.

கடைசி நாள் சுத்தமான தாளில் கார்பன் வைத்து இரண்டு பிரதி எழுதினேன். கடை, கம்ப்யூட்டர் சொன்ன தூரம், மீட்டர் சொன்ன தூரம், அதற்குப் பக்கத்தில் என் முடிவு. ஏழு கடைக்கும் ஏழு தடவை 'தவறு' என்று எழுதினேன். கொண்டுபோய்க் கொடுக்க மாடி ஏறினேன். சின்ன முதலாளி இல்லை. அந்தப் பெண் மட்டும் இருந்தாள். "நான் பாக்கலாமாண்ணே?" என்று வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணே, ஒண்ணு கவனிச்சீங்களா? எல்லாத்துலயும் அதே எட்டுதான் கூட வருது. புள்ளி எட்டு. பக்கத்துக் கடைக்கும் எட்டு, மார்சிலிங்குக்கும் எட்டு. நூலு தப்புன்னா தூரம் கூடக்கூட தப்பும் கூடணும்ல?"

எனக்கு அன்று நாற்பது மூட்டை இறங்கியிருந்தது. இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. மனசில் இன்னொன்றும் இருந்தது, மறைக்க மாட்டேன். 'வழியில எங்கயாவது போறீங்களா' என்ற அந்தக் கேள்விக்குப் பதில் அந்தத் தாளில்தான் இருந்தது.

"தப்பு ஒரே அளவுல இருந்தா தப்பு இல்லன்னு ஆயிடுமாம்மா?" என்றேன்.

"அது இல்லண்ணே. எங்கயோ ஆரம்பத்துலயே எட்டு..."

"நான் கண்ணால பாத்து எழுதினது. நீ நூலுல அளந்தது" என்று சொல்லிவிட்டுத் தாளை வாங்கி மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன். படியில் இறங்கும்போது மனசு லேசாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அவளுக்கு வேலை நிரந்தரமாகவில்லை. நூல் வைத்து அளந்ததெல்லாம் நம்ப முடியாது, வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று சின்ன முதலாளி முடிவு செய்துவிட்டார். மாதக் கடைசியில் கீழே வந்து எங்கள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். என்னிடமும் வந்தாள். "வரேண்ணே. பாத்து ஓட்டுங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. கையில் சாப்பாட்டு டப்பா மட்டும். சாலை வரைபடப் புத்தகத்தை அலுவலகத்திலேயே விட்டுவிட்டுப் போனாள். அதன்பின் அங்கே யாருக்கும் அது தேவைப்படவில்லை, என் லோரியில் போட்டுவிட்டார்கள். நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. ரோடெல்லாம் எனக்குத்தான் தெரியுமே.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை உங்கள் அம்மா மீன் வாங்கப் போனாள். அக்கா, நீயும் கூடப் போயிருந்தாய், நாலு வயது. தம்பி, நீ அப்போது பிறக்கவில்லை. "பன்னெண்டு மணிக்கு வேலை முடிச்சிட்டு வந்து ஏத்திக்குங்க, தேக்கால நிக்கிறேன்" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். நான் சரியாகப் பன்னிரண்டுக்கு வழக்கமான இடத்துக்கு வந்து லோரியிலேயே உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டரை ஆனது. ஒரு மணி ஆனது. வெயிலில் தகரம் கொதித்தது. அசதியில் ஸ்டியரிங்கில் தலையை வைத்துத் தூங்கியே போனேன்.

கதவைப் படார் படார் என்று தட்டும் சத்தத்தில் விழித்தேன். உங்கள் அம்மா. ஒரு கையில் தண்ணீர் சொட்டும் மீன் பை, இன்னொரு கையில் நீ. உன் சட்டையெல்லாம் ஐஸ்கிரீம்.

"எங்க இருந்தீங்க இவ்வளவு நேரம்?"

"இங்கதான். தேக்காவுல."

"நானும் தேக்காவுலதான் ஒரு மணி நேரமா நிக்கிறேன்! மார்க்கெட்டு வாசல்ல!"

"நான் மார்க்கெட்டுலதானே..." என்று திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் புல் முளைத்த காலி இடம்.

"மார்க்கெட்டு எங்கங்க இருக்கு இங்க? அது அந்தப் பக்கம் போயி அஞ்சு வருஷம் ஆச்சு. ஊருக்கே தெரியும். திரும்பி வரும்னு நீங்க மட்டும் காவல் காக்குறீங்களா?"

பிறகும் ஏதேதோ திட்டினாள். மீன் கெட்டுப்போகும் என்றாள், பிள்ளைக்கு வெயில் என்றாள். கை தானாகப் போய் மீட்டரைப் பூஜ்யமாக்கியது. வண்டியை எடுத்தேன். சிராங்கூன் சாலை அங்கே ஒருவழிப் பாதை. எதிர்ப்பக்கம் போக வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். தினமும் காலையில் நான் சுற்றும் அதே சுற்று. சுற்றி வந்து, புது மார்க்கெட்டின் வாசலைத் தாண்டித்தான் புக்கிட் தீமா சாலைக்குப் போவேன். வாசலில் வண்டியை நிறுத்தி மீட்டரைப் பார்த்தேன்.

புள்ளி எட்டு.

"ஏன் நிக்கிறீங்க? ஏதாச்சும் மறந்துட்டீங்களா?" என்றாள் உங்கள் அம்மா. அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள் போலிருக்கிறது. அதற்குப் பிறகு வீடு வரை திட்டவில்லை.

திங்கட்கிழமை சின்ன முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அந்தப் பெண் கேட்டபோது தேக்கா என்று சொன்னது நான். அவள் நினைத்த தேக்கா மார்க்கெட் இருக்கும் இடம். நான் நினைத்தது மார்க்கெட் இருந்த இடம். தாளில் பெயர் அடித்தே இருந்தது, நான்தான் படித்தும் படிக்கவில்லை. அவள் அளவில் ஒரு குறையும் இல்லை. இப்படியே சொன்னேன்.

கேட்டுவிட்டு, நான் கொடுத்த தாளை இழுப்பறையிலிருந்து எடுத்துப் பார்த்தார். "அப்ப அந்தப் பொண்ணு எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கு."

"ஆமா முதலாளி."

"அவ ஒங்ககிட்ட எதுவும் சொல்லலயா?"

"சொன்னிச்சு. நான்தான் காதுல வாங்கல."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. அங்கேயே போனை எடுத்து அவள் கொடுத்திருந்த எண்ணுக்குப் போட்டார். அவள் அம்மா பேசினார். மகள் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், வந்ததும் சொல்கிறேன் என்றார். அவள் திரும்பக் கூப்பிடவில்லை. சின்ன முதலாளி இன்னொரு தடவையும் போட்டுப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். கிழக்குப் பக்கத்து டிரைவரிடம் நடந்ததைச் சொன்னேன். "நானும் ஒன்ன ஏத்திவிட்டேன் தம்பி" என்றார்.

ஆகவே உங்கள் சண்டைக்கு என்ன தீர்ப்பு என்று கேட்டால், கைபேசி தப்பா காரில் இருப்பது தப்பா என்று எனக்குத் தெரியாது. இரண்டுமே சரியாக இருக்கலாம். இரண்டு கருவிகள் ஒரே அளவு வித்தியாசத்தை எப்போதும் காட்டினால், அவற்றைச் சந்தேகிக்கும் முன் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். யாராவது ஒருவர், நம்மைவிடச் சின்னவராக இருந்தாலும், 'ஒண்ணு கவனிச்சீங்களா' என்று கேட்டால், இடுப்பு எவ்வளவு வலித்தாலும் ஒரு நிமிஷம் நில்லுங்கள். எனக்கு அந்த ஒரு நிமிஷம் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மாவிடம் லோரியைக் கழுவப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அது பொய். புது மார்க்கெட் வாசலில் நிறுத்தி மீட்டரைப் பூஜ்யமாக்கினேன். வண்டி காலி, ரோடும் காலி. மூட்டை இல்லாமல் அந்த லோரி எவ்வளவு சுலபமாகப் போகும் என்று அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொரு கடை வாசலிலும் நின்றேன். சில கடைகள் பூட்டியிருந்தன. திறந்திருந்த கடைக்காரர் ஒருவர், "ஞாயித்துக்கெழமையுமா?" என்று கேட்டார், கையை மட்டும் ஆட்டினேன். புக்கிட் பாஞ்சாங்கில் பதினைந்து புள்ளி ஒன்று. மார்சிலிங்கில் இருபத்து நாலு புள்ளி ஆறு.

அங்கே ஓர் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, மரநிழலில் வண்டியை அணைத்தேன். அவள் எந்த புளோக் என்று எனக்குத் தெரியாது. சீட்டுக்கு அடியிலிருந்து சாலை வரைபடப் புத்தகத்தை எடுத்து முதல் தடவையாகத் திறந்தேன். மெழுகு தடவிய சிவப்பு நூல் தேக்கா இருக்கும் பக்கத்திலேயே மடிந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் பென்சிலில் போட்ட சின்னப் பெருக்கல் குறி, சாலைக்குச் சரியான புறத்தில்.

சட்டைப் பையிலிருந்து என் கார்பன் பிரதியை எடுத்து ஸ்டியரிங்கில் விரித்தேன். 'தவறு' என்று எழுதிய ஏழு இடத்தையும் ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, பக்கத்தில் 'சரி' என்று எழுதினேன். கீழே 'அளந்தவர்' என்று போட்டு என் கையெழுத்து இருந்தது. அதையும் அடித்தேன். பிறகு தாளை மடித்து, நூலோடு சேர்த்துப் புத்தகத்தில் வைத்து மூடினேன்.